துறைகள் பல, படகுத்துறை ஒன்று

தமிழில் 'துறை' என்னும் சொல் இன்று இரண்டு பொருளில் வழங்குகிறது. படகு வந்து ஒதுங்கும் இடமும் துறைதான். அரசின் நிர்வாகப் பிரிவும் துறைதான். பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரக் கரையில், தடா மண்டலத்துப் பீமுனிவாரிப்பாளையத்தில், இவ்விரு பொருளும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அது வனத்துறையின் ஆளுகை. மீனும் மீன்பிடிப் படகும் மீன்வளத்துறையின் கணக்கு. உல்லாசப் படகு சுற்றுலாத்துறைக்கு உரியது. தீவின் நிலமும் குடும்ப அட்டையும் வருவாய்த்துறை, வழங்கல்துறைகளின் பொறுப்பு. இயந்திரப் படகின் பதிவும் தகுதிச் சான்றும் வேறோர் அலுவலகத்தின் வேலை. இத்தனை துறைகள் கூடியிருக்க, எதிரே உள்ள இரக்கம் தீவுக்குப் போகவேண்டிய ஒருவர், அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று கேட்டால், விடை சொல்லும் கடமை இவற்றுள் எதனுடையது?

தீவுகளுக்குத் தனியார் பயணப் படகுகளை அனுமதிப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் முதலீடு, சுற்றுலா வளர்ச்சி, வேலைவாய்ப்பு ஆகிய சொற்கள் முந்திக்கொண்டு வருகின்றன. மேற்கண்ட கேள்வி வருவதில்லை. அது வராத வரையில் எந்த உரிமமும் தீவுவாசிக்கு நன்மை செய்யாது.

இரக்கம் தீவில் தமிழ் பேசும் மீனவக் குடும்பங்களே பெரும்பான்மை. தடா மண்டலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. அதே ஏரியில், அதே மாவட்டத்தில், மற்றொரு தீவும் உண்டு. அதன் பெயரை உலகமே அறியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் 1971 அக்டோபர் 9 அன்று ஏவப்பட்டது. சூலூர்ப்பேட்டையிலிருந்து அத்தீவுக்கு ஏரியின் குறுக்கே சாலை செல்கிறது. நாட்டுக்குத் தேவை என்று முடிவான இடத்தில் நீர் ஒரு தடையாக இருக்கவில்லை. விண்வெளி மையத்துக்குச் சாலை வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் ஒரு தீவுக்குச் சாலையும் இன்னொரு தீவுக்குப் படகும் என்று இயற்கை விதிக்கவில்லை, அரசு தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்தவர்க்கு அந்தப் படகின் மீதும் பொறுப்பு உண்டு.

இங்கே 'உரிமம்' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்கலாம். 'லைசென்ஸ்' என்பதற்கு ஈடாகத் தமிழ் ஆட்சிமொழி வழக்கு ஏற்ற இச்சொல், 'உரிமை'க்கு உறவான சொல். ஒருவர்க்கு உரிமம் வழங்கும்போது இன்னொருவரின் உரிமை வரையறுக்கப்படுகிறது. படகுக்காரருக்குக் கட்டணம் வாங்கும் உரிமம் உண்டென்றால், பயணிக்கு ஏறிச்செல்லும் உரிமை உண்டா? இன்று ஆட்கள் போதவில்லை என்று படகு புறப்படாவிட்டால் அது உரிம மீறலா, தொழில் முடிவா? பள்ளி நாளில் மாணவர்களைக் கரையில் நிறுத்திவிட்டு, கூடுதல் பணம் தரும் பறவை ரசிகர்களை ஏற்றிக்கொண்டு போனால் அதைத் தடுக்க விதி உண்டா? உரிமம் என்பது கலத்தைப் பற்றி மட்டும் பேசினால் இக்கேள்விகளுக்கு அதில் இடமே இருக்காது.

2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது. கலத்தின் ஆய்வு, பதிவு, காப்பீடு, மாலுமிகளின் தகுதி, உயிர்காக்கும் கருவிகள் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. இவை அனைத்தும் தேவை. ஆயினும் இவை கலத்தின் நலம் பற்றியவை. சேவையின் நலம் வேறு. தரைப் போக்குவரத்தில் இந்த வேறுபாடு நன்கு புரிந்துகொள்ளப்பட்டுள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தடப் பேருந்துக்கு ஒருவகை அனுமதியும், ஒப்பந்த வண்டிக்கு வேறுவகை அனுமதியும் வைத்திருக்கிறது. தடப் பேருந்து அனுமதி பெற்றவர்க்கு வழித்தடம், கால அட்டவணை, கட்டண அட்டவணை ஆகியவற்றை நிபந்தனைகளாக விதிக்க முடியும். சுற்றுலா வேனுக்கு அவை பொருந்தா. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பேருந்தையும், ஒரு குடும்பம் வாடகைக்கு எடுத்த காரையும் எந்த அதிகாரியும் ஒரே கோப்பில் வைப்பதில்லை. நீரில் மட்டும், தீவின் கர்ப்பிணியும் பூநாரை பார்க்க வந்தவரும் 'பயணி' என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகிறார்கள்.

இந்தக் குழப்பம் புதியது என்றும் சொல்ல இயலாது. சென்னை மாகாணம் 1890-இலேயே கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டத்தை இயற்றியது. காலனி அரசின் நோக்கம் வரி என்பதில் ஐயமில்லை. எனினும் 'பொதுப் படகுத்துறை' என்ற கருத்தைச் சட்டத்தின் தலைப்பிலேயே அது வைத்தது. ஆற்றைக் கடக்கும் இடம் தனியொருவரின் தொழில் இடம் ஆகாது, அது பொதுவழி என்ற எண்ணம் அதில் உண்டு. சுதந்திர நாட்டின் உரிமப் படிவத்தில் அந்த எண்ணம் மெலிந்துபோனதை வளர்ச்சி என்று அழைப்பது எப்படி?

உரிமம் இருந்தால் பாதுகாப்பு இருக்கும் என்போர் இரண்டு நாள்களை நினைவுகொள்ள வேண்டும். 2014 ஜனவரி 26 அன்று அந்தமானில், போர்ட் பிளேர் அருகிலுள்ள தீவுகளுக்கு இடையே சென்ற 'அக்வா மரீன்' என்னும் தனியார் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 21 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டினர். கொள்ளளவைவிட மிகுதியாக ஆள் ஏற்றப்பட்டிருந்தது. 2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் கச்சுலூரு அருகே 'ராயல் வசிஷ்டா' மூழ்கியது. அதில் இருந்த 77 பேரில் உயிர்தப்பியோர் 26 பேர். அந்தப் படகுக்குத் துறைமுக அலுவலகத்தின் உரிமம் உண்டு, சுற்றுலாத்துறையின் அனுமதி இல்லை என்பதே அன்று அரசுத் தரப்பு அளித்த விளக்கம். ஒரு துறையின் தாளை மற்றொரு துறை அறியாத நிலையில், வெள்ளம் புரண்ட ஆற்றில் படகு இறங்கியது. இறந்தவர்களின் குடும்பத்தார்க்கு எந்தத் துறையின் முத்திரை விடுபட்டது என்பதில் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

அதன்பின் ஆந்திர அரசு படகுப் போக்குவரத்தைக் கண்காணிக்க 9 கட்டுப்பாட்டு அறைகளை அமைப்பதாக அறிவித்தது. கோதாவரிக் கரை, ருஷிகொண்டா, நாகார்ஜுனசாகர், ஸ்ரீசைலம், விஜயவாடா என அவை சுற்றுலாப் படகுகள் செல்லும் இடங்கள். அந்தப் பட்டியலில் பழவேற்காட்டு ஏரி இல்லை. படகு என்றால் சுற்றுலா என்னும் மனப்பதிவு, விபத்துக்குப் பிந்தைய சீர்திருத்தத்திலும் அப்படியே தொடர்ந்தது. 2025 ஜனவரியில் நடந்த பூநாரைத் திருவிழாவின்போது பீமுனிவாரிப்பாளையத்தின் படகுச் சவாரி பெரிதாக விளம்பரப்படுத்தப்பட்டது. அவ்விழா மூன்று நாள்கள். தீவுவாசிக்கு ஆண்டின் 365 நாளும் அதே நீர்.

மறுமுனையில் தமிழ்நாட்டின் அனுபவம் இருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியின் தென்பகுதியில், பழவேற்காட்டில், உல்லாசப் பயணம் சென்றோரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. தடை போடுவதும் கேள்வியின்றி உரிமம் கொடுப்பதும் எதிரெதிர்க் கொள்கைகள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே மனநிலையின் விளைவுகள். இரண்டிலும் அரசு கரையிலேயே நின்றுவிடுகிறது. ஒன்றில் கைகாட்டி அனுப்புகிறது. மற்றொன்றில் கைமறித்துத் திருப்புகிறது. நீரின் மேல் நடப்பதற்குப் பொறுப்பேற்பது மூன்றாவது வழி. அதற்குத்தான் பணமும் ஆளும் வேண்டும்.

தனியார் வேண்டாம், அரசே நடத்தட்டும் என்பது இதற்கு எளிய மறுமொழியாகத் தோன்றலாம். அதையும் வரலாறு தாங்கவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைப் பலிகொண்ட 'ஜலகன்னிகா', கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு உரியது. உரிமையாளர் யார் என்பதைவிட, எந்த நிபந்தனையின் கீழ் படகு ஓடுகிறது, அதை மீறினால் யார் எப்போது நிறுத்துவார் என்பதே உயிரைக் காக்கும். பல தலைமுறைகளாக அந்த ஏரியின் ஆழமும் சேறும் காற்றும் அறிந்த தீவின் படகோட்டிகளும் தனியாரே. அவர்களைப் பாதுகாப்பின் பெயரால் வெளியேற்றிவிட்டு, மூலதனம் உள்ள ஒரு நிறுவனத்துக்குத் துறையை ஒப்படைப்பது சீர்திருத்தம் ஆகாது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணக் கப்பல் தொடங்கியது. சில நாள்களில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் அதை மீண்டும் நடத்தியது. கட்டணம் தாங்கக்கூடியதாக இருக்க இந்திய அரசு நிதியுதவி அளித்தது. இரு நாடுகளின் நட்புக்கு அது தகுதியான செலவே. பன்னாட்டுத் தடத்தில் தனியாருக்குப் பொதுப்பணத்தால் தோள்கொடுக்கலாம் என்றால், சொந்த மாவட்டத்துத் தீவுக்கு அது ஏன் ஆகாது? இலங்கையில் நெடுந்தீவுக்குச் செல்லும் 'குமுதினி' வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இயங்கிய படகு. சாலை போடும் துறையே படகையும் வைத்திருந்தது என்பதில் உள்ள தெளிவு கவனத்திற்குரியது. சாலை முடியும் இடத்தில் படகு சாலையாகிறது.

மொழியின் சிக்கலும் இதில் அடங்கும். அபாய அறிவிப்பு, கட்டணப் பலகை, கொள்ளளவு, புகார் எண் ஆகியன பயணிக்குத் தெரிந்த மொழியில் இல்லையென்றால் அவை சுவரின் அலங்காரம். ஆந்திரத்தின் ஆட்சிமொழி தெலுங்கு. அதன் இடத்தை எவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறைதீர்க்க வேண்டி விடுக்கும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் தருகிறது. ஆகவே இரக்கம் தீவின் மூதாட்டி திருப்பதி ஆட்சியருக்குத் தமிழில் மனு எழுதினால் அது சலுகைக் கோரிக்கை ஆகாது. உரிமப் பத்திரத்தின் நிபந்தனைகளைத் தெலுங்கிலும் தமிழிலும் துறையில் எழுதி வைப்பது, ஒரு பலகையும் ஒரு டப்பா பெயிண்டும் கேட்கும் வேலை.

பாலம் வந்தால் எல்லாம் தீரும் என்று காத்திருப்பதும் பயன் தராது. ஆந்திரப் பகுதி 1976 முதல் சரணாலயம். ஆழமற்ற, தூர்ந்துவரும் ஏரியில் எந்தக் கட்டுமானமும் நீரோட்டத்தையும் மீன்வரத்தையும் தொடும். அனுமதிகளுக்கு ஆண்டுகள் ஆகும். பாலம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதாகவே இருக்கட்டும். அது நிறைவேறும் நாள்வரை பிரசவ வலி காத்திருக்காது.

கல்விப்புலத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழவேற்காட்டு ஏரியின் பறவைகள், இறால்கள், உவர்ப்பு, வண்டல் ஆகியவை குறித்து ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. ஆய்வாளர் ஏறிச்சென்ற படகு மட்டும் பெரும்பாலும் ஆய்வுக்குள் வருவதில்லை. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லைப்புறத் தமிழைச் சேகரிக்கச் செல்லும் மாணவர், சொற்பட்டியலோடு படகின் புறப்பாட்டு நேரம், வாங்கப்பட்ட கட்டணம், ஏற்றப்பட்ட ஆள்கள், புறப்படாமல் போன நாள்கள் ஆகியவற்றையும் குறித்துவரலாம். ஓராண்டுக் குறிப்பேடு ஒன்று, நூறு மனுக்களைவிட வலிய சான்று ஆகும்.

கேட்கவேண்டியவை சில. தீவுவாசிகளின் தடப் படகுக்கும் சுற்றுலாப் படகுக்கும் தனித்தனி உரிமம். தடப் படகுக்குக் கட்டாயக் கால அட்டவணை, அரசு வரையறுத்த கட்டணம், ஆள் குறைந்தாலும் புறப்படும் கடமை, அதனால் வரும் இழப்புக்கு மானியம். சுற்றுலா வருவாயின் ஒரு பகுதி அம்மானியத்துக்கு. உரிமம் வழங்குவதில் தீவின் படகோட்டிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதலிடம். அவர்களுக்குப் பயிற்சியும் உயிர்காப்புக் கவசமும் அரசுச் செலவில். இரவு அவசரத்துக்கு எப்போதும் தயாராக ஒரு மருத்துவப் படகு. காற்று மிகுந்தால் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் பெற்ற, கரையிலேயே பணியாற்றும் ஓர் அலுவலர். இத்தனைக்கும் பொறுப்பான துறை ஒன்றே ஒன்று, அதன் பெயர் பலகையில்.

தீவின் பெயரை வைத்துச் சிலேடை செய்வது எளிது; பலர் செய்தும் விட்டனர். அங்கிருப்போர்க்கு வேண்டியது எவருடைய இரக்கமும் அன்று. காலை முதல் படகு எத்தனை மணிக்கு என்று எழுதிய ஒரு வரியும், அந்த நேரத்தில் துறையில் நிற்கும் ஒரு படகும் போதும்.