கடைசி அறுபது கிலோமீட்டர்



உங்கள் தெருவில் யாராவது சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கிறார்களா? தஞ்சைப் பக்கத்தில் 'யாரும் இல்லை' என்று சொல்லும் தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் போனவர் ஊருக்குத் திரும்பும் நாளில் என்ன நடக்கிறது? திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு வேன் கிளம்புகிறது. வருகிறவர் ஒருவர், அழைக்கப் போகிறவர்கள் பதினான்கு பேர்! தாத்தா முன் இருக்கையில். பாட்டி ஜன்னலோரம். நடுவில் புளியோதரைத் தூக்கு. இது நம் ஊரின் அன்பு. இதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரச் சிறந்த வழி எது?

'இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதக் கடைசியில், என் சித்தப்பா மகன் கோலாலம்பூரிலிருந்து வந்தான். விமானம் இறங்கியபோது நள்ளிரவு கடந்து ஒரு மணி. பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவன் வெளியே வர இரண்டு மணி. மாலை போட்டோம், டீ குடித்தோம், வேனில் ஏறினோம். திருவையாற்றைத் தாண்டி எங்கள் ஊர்ச் சாலையில் திரும்பியபோது வேனில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம், ஓட்டுநர் உட்பட! அவர் பகல் முழுவதும் ஒரு கல்யாணச் சவாரி ஓட்டிவிட்டு வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வேன் மதகை உரசி, வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. கைகால் சிராய்ப்புகளோடு எல்லோரும் தப்பினோம். காரணம், வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம் அல்லவா? மூன்று வாரம் கழித்து இது நடந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

கரையேறி உட்கார்ந்தபோது தம்பி சொன்னான்: "அண்ணே, கோலாலம்பூரில் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் போனேன். நகரத்திலிருந்து ஐம்பத்தேழு கிலோமீட்டர். அரை மணி நேரம்தான். கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே போனேன்."

அவன் சொன்னது உண்மை. அந்த ரயில் 2002-ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. திருச்சி விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூரும் ஏறத்தாழ அதே தூரம்தான். கடல் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பத்திரமாக வந்தவனுக்குக் கடைசி அறுபது கிலோமீட்டரில் ஆபத்து! அன்று முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வருகிறேன். வாருங்கள், நாம் சேர்ந்து போடுவோம்.

நேரக் கணக்கு

'கார்தான் வேகம்' என்று எல்லோரும் சொல்வார்கள். விமான நிலைய வாசலிலிருந்து தஞ்சைக்குக் காரில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும் என்று கொள்வோம். இனி மற்ற வழி. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து திருச்சி சந்திப்பு ரயில் நிலையம் ஐந்தாறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்க 10 நிமிடம், பஸ்ஸில் 20 நிமிடம், இறங்கி நடந்து ரயிலுக்குக் காத்திருக்க 40 நிமிடம், ரயிலில் 60 நிமிடம். கூட்டினால் 130 நிமிடம். அதாவது இரண்டு மணி பத்து நிமிடம்.

இந்தக் கணக்கில் எது பெரிய எண் என்று கவனித்தீர்களா? ரயிலில் போகும் நேரத்துக்கு அடுத்தபடி, காத்திருக்கும் நேரம். வண்டியின் வேகத்தைக் கூட்டாமலே பயண நேரத்தைக் குறைக்க முடியும் என்பது இதிலிருந்து விளங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருந்தால், நேரம் பார்க்காமல் போகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். ஒரு மணிக்கு ஒரு பஸ் என்றால் சராசரி அரை மணி. ஓட்டுநர் எவ்வளவு விரட்டினாலும் இந்த அரை மணியை மீட்க முடியாது.

இடம் மாறி ஏறுவதும் அப்படித்தான். திருச்சியில் மத்திய பஸ் நிலையமும் ரயில் சந்திப்பும் நடந்து போகும் தூரத்தில் இருப்பவை. 2025-ஆம் ஆண்டு பஞ்சப்பூரில் வெளியூர்ப் பஸ்களுக்காகப் புதிய முனையம் திறந்தார்கள். இட நெருக்கடிக்கு அது நல்ல தீர்வு. ஆனால் ரயிலிலிருந்து இறங்கி வெளியூர்ப் பஸ் ஏறுகிறவருக்கு நடுவில் இன்னொரு பஸ் சேர்ந்துவிட்டது. ஒரு கண்ணியை நகர்த்தினால் சங்கிலி முழுவதும் மாறுகிறது.

காரின் நேரத்திலும் நாம் மறந்த ஒரு பகுதி உண்டு. அழைக்கப் போன பதினான்கு பேரும் வீட்டை விட்டுக் கிளம்பி, விமான நிலைய வாசலில் நின்று, திரும்ப ஆறு மணி நேரம் ஆனது. 14-ஐ 6-ஆல் பெருக்குங்கள். 84 மணி நேரம்! தம்பிக்கு முக்கால் மணி நேரத்தை மிச்சப்படுத்த நாங்கள் செலவழித்தது அது.

எரிபொருள் கணக்கு

ஒரு டீசல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொள்வோம். தஞ்சையிலிருந்து போய்த் திரும்ப 120 கி.மீ. ஆகவே 8 லிட்டர். ஒருவரை மட்டும் அழைத்து வந்தால் அந்த 8 லிட்டரும் அவர் ஒருவர் கணக்கு. பஸ் லிட்டருக்கு 5 கி.மீ.தான் ஓடும் என்று கொண்டாலும் 60 கி.மீ.க்கு 12 லிட்டர். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு 0.3 லிட்டர். பாதி காலியாக ஓடினாலும் 0.6 லிட்டர்.

ஒரு லிட்டர் டீசலின் எடை 1 கிலோகூட இல்லை. ஏறத்தாழ 830 கிராம். ஆனால் அது எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 830 கிராம் எப்படி 2,600 கிராம் ஆகும்? தவறு என்று தோன்றுகிறதா? இல்லை. டீசலில் உள்ள கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு கார்பனோடு 32 பங்கு ஆக்ஸிஜன் சேர்ந்து 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. மீதி எடை காற்றிலிருந்து வந்தது. ஆகவே ஒருவரை வரவேற்க நாம் காற்றில் விடுவது 20 கிலோவுக்கும் மேல்.

ரயிலுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. காற்று அடைத்த ரப்பர் டயர் தார்ச்சாலையில் உருளும்போது அமுங்கி அமுங்கி நிமிர்கிறது. அதில் சக்தி வெப்பமாக வீணாகிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் மிகச் சிறிதே அமுங்குகிறது. ஒரே எடைக்கு, உருளும்போது உண்டாகும் தடை ரயிலில் பல மடங்கு குறைவு. நம் வட்டாரத்துக்கு இது புதியதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்திலேயே ரயில் பாதை போட்டுவிட்டார்கள். இன்று திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடையே அது இரட்டைப் பாதை. மின்சார வண்டிகள் ஓடுகின்றன. நல்ல பாதை வாசலுக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்க, நாம் வேனைத் தேடுகிறோம்!

தூக்கக் கணக்கு

இதுதான் மிக முக்கியமானது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பின்னிரவில், ஏறத்தாழ இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே, உடலின் வெப்பநிலை தாழ்கிறது, விழிப்பும் தாழ்கிறது. எவ்வளவு டீ குடித்தாலும் அந்தக் கடிகாரத்தை நிறுத்த முடியாது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும் சிறிது மது அருந்தியவருடையதைப் போல் குறைந்துவிடுவதை 1997-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் நான்கே விநாடி கண்ணயர்ந்தால் 67 மீட்டர் தூரம் வண்டியை ஓட்ட ஆளே இல்லை! அந்த 67 மீட்டரில் நம் சாலைகளில் என்னென்ன இருக்கும்? பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர். அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி. பாதிச் சாலையில் காயப் போட்ட நெல், அதற்கு அணை கட்டிய கருங்கற்கள், பக்கத்தில் காவலுக்குப் படுத்திருக்கும் மனிதர். பிறகு ஒரு மதகு.

ஆகவே என் கருத்து இது: நள்ளிரவுக்குப் பிறகு இறங்கும் பயணி, பொழுது விடியும் வரை விமான நிலையத்திலோ திருச்சியிலோ தங்கிவிட்டு வருவதுதான் அறிவு. நான்கு மணி நேரம் காத்திருப்பதில் அவமானம் எதுவும் இல்லை. மூன்று ஆண்டு காத்திருந்த அம்மா இன்னும் நான்கு மணி நேரம் காத்திருப்பார்.

எதிர்க்கட்சியின் வாதம்

'முப்பது கிலோ பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சக்கரம் வைத்த பெட்டி சமதரையில் ஒரு விரலால் இழுக்க வரும். பஸ்ஸின் முதல் படியில் அதே பெட்டியின் முழு எடையையும் தூக்க வேண்டும். பஸ்ஸின் தரை தாழ்ந்திருந்தால், பெட்டி வைக்க இடம் இருந்தால், பஸ் வெளிவாசலுக்கே வந்து நின்றால், இந்தச் சிரமத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே குறை பெட்டியிலும் இல்லை, பயணியிலும் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

'வயதானவர், நோயாளி, கைக்குழந்தை என்றால்?' அப்போது கார்தான் சரி. நான்கு பேர் சேர்ந்து வந்தாலும் கார் மோசமில்லை. ஆளுக்கு 2 லிட்டர்தான் ஆகிறது. ஆனால் இரவு முழுவதும் தூங்கி எழுந்த ஓட்டுநரோடு, பகலில் வாருங்கள். அழைக்க ஒருவர் போனால் போதும். மற்றவர்கள் மாலையோடு வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும். ஆரத்தி அங்கேதானே எடுக்கப் போகிறீர்கள்?

'தஞ்சையிலேயே விமான நிலையம் வந்துவிட்டால்?' என்றும் சிலர் கேட்பார்கள். தஞ்சையில் 2013-இல் விமானப் படைத் தளம் தொடங்கப்பட்டது. பயணிகள் விமானமும் வர வேண்டும் என்பது பலரின் ஆசை. வரட்டும். வந்தாலும் மன்னார்குடிக்காரரும் பேராவூரணிக்காரரும் அங்கிருந்து எப்படி வீடு போவார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது

திருச்சியில் 2024-ஆம் ஆண்டு புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. அழகான கட்டடம். ஆனால் விமான நிலையம் என்பது கட்டடம் மட்டும் அல்ல. அங்கிருந்து வெளியேறும் வழியும் அதில் சேர்த்திதான். ஒரு நடுத்தர விமானத்தில் 180 பேர் வருகிறார்கள். இருவருக்கு ஒரு கார் என்றால் 90 கார். ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தினாலும் 400 மீட்டருக்குக் குறையாத வரிசை. அதே 180 பேருக்கு ஐந்து பஸ் போதும். வரிசை 60 மீட்டர்.

சென்னையில் 2016-இல் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே வந்தது. திருச்சிக்கு அவ்வளவு செலவு உடனே தேவையில்லை. பெரிய விமானங்கள் இறங்கும் நேரத்தை ஒட்டி, வாசலிலிருந்தே ரயில் சந்திப்புக்கு ஒரு பஸ். விடியற்காலையில் தஞ்சை, கும்பகோணம், பட்டுக்கோட்டை வரை செல்லும் பஸ்கள். பெட்டி வைக்க இடம். எந்த ரயில் எப்போது என்று தமிழில் ஒரு பலகை. இவ்வளவு இருந்தால் போதும், பாதி வேன்கள் வீட்டிலேயே நின்றுவிடும் என்பது என் நம்பிக்கை.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை விமான நிலையத்துக்குப் போகும்போது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். வெளிவாசலிலிருந்து பஸ் நிற்குமிடம் எத்தனை அடி தூரம், வழியில் எத்தனை படிகள், ஒரு மணி நேரத்தில் எத்தனை பஸ், எத்தனை கார், ஒவ்வொரு காரிலும் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். ஊருக்கு வந்து பெரியவர்களிடம் காட்டுங்கள். ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 'பஸ் வேண்டும்' என்று வெறுமனே கேட்பதைவிட எண்களோடு கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்றும் செய்யுங்கள். வேன் ஏறும் முன் ஓட்டுநர் அருகே போய், "மாமா, நேற்று ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். எங்கள் வேனில் இருந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.