கருவிக்கு முன் அறை

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய விரும்பும் நண்பர்கள் பலரும் விலையுயர்ந்த மைக்கைத்தான் முதலில் தேடுகிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது பாடும் அறையை என்பது எங்கள் எண்ணம்.

கண்டென்சர் மைக் குரலின் நுட்பங்களை நன்கு வாங்கும். கூடவே தெருவின் இரைச்சலையும் வெற்றுச் சுவர்களின் எதிரொலியையும் வாங்கிவிடும். பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் பான்டம் பவரும் தேவை. நம் வீட்டு அறைகளுக்கு, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்கே பொருந்தும். அதனுடன் எளிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், காதை முழுதாய் மூடும் ஹெட்போனும் இருந்தால் போதும். சுவரோரம் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடலாம்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' தொகுப்பு, நியூ ஜெர்சியில் அவர் குடியிருந்த வீட்டில், நான்கு தடங்கள் கொண்ட கேசட் ரெக்கார்டரில், இரண்டு ஷூர் எஸ்எம்57 டைனமிக் மைக்குகளைக் கொண்டு பதிவானது. பின்னர் ஸ்டுடியோவில் இசைக்குழுவோடு அப்பாடல்களைப் பாடிப் பார்த்தும் நிறைவு கிட்டவில்லை. அந்த வீட்டுக் கேசட்டே இசைத்தட்டாக வந்தது.

நல்ல கருவி வாங்கியபின் பாடலாம் என்று தள்ளிப்போடுவோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: கருவியை அடுத்த ஆண்டும் வாங்கலாம், குரலுக்கு அதற்குள் ஒரு வயது கூடிவிடும்.