வெயிலை நிப்பாட்டிப்போட்டு பெற்றோலுக்கு வரிசையில் நிற்பதா?

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நேரம் இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. கூரையில் சோலார் பூட்டியிருக்கிறவர்கள் பிற்பகல் 3 மணி வரைக்கும் அதை நிறுத்தி வையுங்கள் என்பதுதான் அது. தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு; மின்சாரத்துக்குத் தேவை குறைவு. வெயிலோ சித்திரை வெயில். வருகிற மின்சாரத்தை எடுக்க ஆள் இல்லாவிட்டால் முழு வலையமைப்பின் சமநிலையும் குழம்பும்.

சபை பயந்ததற்குக் காரணமும் இருந்தது. அதே வருடம் பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு பகல், நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, எல்லாரும் குரங்கை வைத்து மீம்ஸ் போட்டு முடித்துவிட்டோம். ஒரு குரங்கு பாய்ந்ததற்கு முழு நாடும் இருளுகிற அளவுக்கு வலையமைப்பு ஏன் தளம்பிக்கொண்டிருந்தது என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. அன்றைக்குத் தேவை குறைந்த ஞாயிறு. கூரைச் சோலார் நல்லாத் தள்ளிக்கொண்டிருந்த நேரம்.

ஒரு பக்கம் வெயிலை நிப்பாட்டச் சொல்கிறோம். மறுபக்கம், ஒரு சொட்டுக் கச்சா எண்ணெய்கூட எடுக்காத இந்த நாடு, டொலர் கட்டி எண்ணெய்க் கப்பலை வரவழைத்து அதைக் காரில் எரிக்கிறது. அதனால், பெற்றோலுக்கு மாற்று என்ன என்று கேட்டால் எங்கட பதில் இதுதான்: மின்சார வாகனம், அதுவும் பகல் வெயிலில் சார்ஜ் ஆகிற மின்சார வாகனம். முதல் பாதியைப் பற்றி யூடியூபில் வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. இரண்டாவது பாதியைப் பற்றி இங்கே பெரிசாக யாரும் கதைக்கிறதில்லை.

எண்ணெய் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் கியூஆர் முறை வந்தது: கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. நாட்கணக்கில் வரிசை. அந்த வரிசையிலேயே உயிரை விட்டவர்களும் உண்டு.

வடக்கில் எங்கட பெற்றோரின் தலைமுறைக்கு அதற்கு முதலே இது பழக்கம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் வரவில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றிப் பெருமையாகக் கதைப்போம். ஆனால் மண்ணெண்ணெயும் அதே எண்ணெய்தான், அதே கப்பலில்தான் வரவேண்டும். உண்மையான மாற்றாக அன்றைக்கு இருந்தது சைக்கிள். தன் சக்தியைத் தன் ஊரிலேயே எடுத்த வாகனம் அது ஒன்றுதான். ஒரு மாற்றை எடைபோடும்போது இதைத்தான் முதலில் கேட்கவேண்டும்: இதுக்குச் சக்தி எங்கேயிருந்து வருகுது?

இந்தக் கேள்வியோடு மற்றத் தெரிவுகளையும் ஒருக்கால் பார்ப்போம்.

ஹைபிரிட் எங்கட தெருக்களுக்குப் புதிசில்லை. பிரியஸும் அக்குவாவும் நிறைய ஓடுகின்றன. பெற்றோலை மிச்சம் பிடிக்கின்றன, நல்லது. ஆனால் வெளியே இருந்து சார்ஜ் பண்ண முடியாத ஹைபிரிட்டின் பற்றரிக்குப் போகிற சக்தியும் கடைசியில் பெற்றோல் தாங்கியில் இருந்துதான் வருகிறது. செட்டில் எண்ணெய் முடிந்தால் அதுவும் வீட்டில்தான்.

எதனோல் பிரேசிலுக்குக் கை கொடுத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975 இல், கரும்பில் இருந்து எதனோல் எடுக்கிற தேசியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவும் இப்போது பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கிறது. பிரேசிலுக்கு நிலம் இருக்கு, தண்ணி இருக்கு. சாப்பிடுகிற சீனியிலேயே பெரும்பகுதியை வெளியில் இருந்து கொண்டுவருகிற நாங்கள் காருக்கும் சேர்த்துக் கரும்பு நடப்போகிறோமா?

ஹைட்ரஜன் கேட்க நல்லா இருக்கும். புகைக்குழாயால் தண்ணீர்தான் வரும். ஆனால் அந்த ஹைட்ரஜனைத் தண்ணீரில் இருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும், அழுத்திச் சேமிக்க மின்சாரம் வேண்டும், காருக்குள் திரும்ப மின்சாரமாக மாற்றும்போதும் இழப்பு. 100 யூனிற் போட்டால் சில்லுக்குப் போய்ச் சேர்வது 30 அளவில்தான். அதே 100 ஐ நேரே பற்றரியில் ஏற்றினால் 70 க்கு மேல் சேரும். கப்பலுக்கோ இரும்பு ஆலைக்கோ ஹைட்ரஜன் தேவைப்படலாம். சந்தைக்குப் போய்வருகிற காருக்குத் தேவையில்லை.

மின்சாரக் கார் வெல்வதும் இந்தக் கணக்கால்தான். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 யூனிற் சக்தி இருக்கிறது. பெற்றோல் இயந்திரம் அதில் நாலில் மூன்று பங்கு அளவை வெப்பமாக வெளியே விடுகிறது. ஒரு சிறிய பெற்றோல் கார் 100 கிலோமீற்றர் ஓட 6 லீற்றர், அதாவது 50 யூனிற்றுக்கு மேல் எரிக்கிறது. அதே அளவு மின்சாரக் காருக்கு 15 யூனிற் போதும்.

சரி, அப்ப பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை.

வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்து காரைச் சொருகினால், அது நாடு முழுக்க லைற்றும் மின்விசிறியும் போடுகிற உச்ச நேரம். டீசலும் உலை எண்ணெயும் எரிக்கிற நிலையங்கள் கூப்பிடப்படுகிற நேரம். இரவு பத்தரைக்குப் பிறகு சொருகினால்? மழை நல்லா இருந்த காலத்தில் நீர்மின் கை கொடுக்கும். மற்றபடி பெரிய சுமையைத் தூக்குவது 900 மெகாவாற் நுரைச்சோலை நிலக்கரி நிலையம். முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகிற மின்சாரக் கார், காபன் கணக்கில் ஒரு சிறிய பெற்றோல் காரை விடப் பெரிதாக எதையும் மிச்சம் பிடிக்காது. தெருவில் புகை இராது. புத்தளத்தில் இருக்கும்.

எங்கட கட்டண முறையும் இரவுக்குத்தான் தள்ளுகிறது. வீட்டு மீற்றருக்கு நேர அடிப்படையிலான கட்டணம் எடுத்தால், மலிவான நேரம் இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை. இரவில் தேவை குறைவு, பகலில் கூட என்றிருந்த காலத்துக் கணக்கு அது. இப்போது விடுமுறைப் பகலில் மின்சாரத்தை எடுக்க ஆள் இல்லை என்கிறார்கள். மணிக்கூடு மாறிவிட்டது, கட்டணம் மாறவில்லை.

எனவே முதல் கோரிக்கை, வெயில் நேரத்து மின்சாரம் வாகனங்களுக்கு மலிவாக வேண்டும். இரண்டாவது, வாகனம் பகலில் எங்கே நிற்கிறதோ அங்கே சார்ஜ் பண்ண வசதி வேண்டும். கச்சேரி, ஆஸ்பத்திரி, வளாகம், பாடசாலை, சந்தை, ரெயில் நிலையம். நெடுஞ்சாலையில் அரை மணியில் நிரப்புகிற பெரிய இயந்திரம் தூரப் பயணத்துக்குத் தேவைதான். எட்டு மணித்தியாலம் சும்மா நிற்கிற காருக்குச் சாதாரணப் பிளக் போதும்.

இதற்கு எவ்வளவு சோலார் வேணும்? இலங்கை வெயிலில் 1 கிலோவாற் பனல் ஒரு நாளைக்கு மூன்றரை, நாலு யூனிற் தரும். 2 கிலோவாற் என்றால் 7 யூனிற். 45 கிலோமீற்றர் அளவில் ஓடலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து சாவகச்சேரிக்குப் போய்த் திரும்பவும் மிஞ்சும். 2 கிலோவாற் பனலுக்கு வேண்டிய இடம் ஏறத்தாழ 10 சதுர மீற்றர். ஒரு கார் நிறுத்துகிற இடம் அதைவிடக் கொஞ்சம் பெரிது. அதாவது, நிற்கிற காருக்கு மேலே போடுகிற கொட்டகையே அந்தக் காரின் அன்றாட ஓட்டத்துக்குப் போதும்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய பகுதியில் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். ஊர் திரும்ப அந்த மக்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சோலார் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மன்னாரில் 2020 முதல் தம்பபவனி காற்றாலைகள் சுற்றுகின்றன. மழைவெள்ளம் வடியவில்லை, மீன்பிடி பாதிக்கிறது, பறவைகளின் பாதை அடைபடுகிறது என்று சொல்லி, புதுக் காற்றாலைகள் வேண்டாம் என 2025 இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

நாங்கள் சோலாருக்கோ காற்றாலைக்கோ எதிரில்லை. ஆனால் கொழும்பில் ஒருவர் புகையில்லாத கார் ஓடுவதற்கு மன்னாரில் ஒருவருடைய முற்றத்தில் தண்ணீர் நிற்கவேண்டும் என்றால், அந்தக் கணக்கை அந்த முற்றத்துக்காரரோடு இருந்துதான் போடவேண்டும். கூரையும் வாகனத் தரிப்பிடமும் சும்மா வெயிலில் காய்கிறபோது, முதல் பனல் ஏன் வயலுக்குப் போகவேண்டும்?

"இதெல்லாம் காசுள்ள நாட்டு விளையாட்டு" என்று சிலர் சொல்வார்கள். நோர்வேயைக் காட்டினால் அது சரி. நேபாளத்தைப் பாருங்கோ. 2015 இல் இந்திய எல்லை அடைபட்டபோது எரிபொருள் இல்லாமல் தவித்த நாடு அது. இன்றைக்கு அங்கே புதிதாக இறக்குமதியாகிற கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார்கள்; ஓடுவது சொந்த ஆற்று மின்சாரத்தில். எதியோப்பியா 2024 இல் பெற்றோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்தியது. எண்ணெய்க்குக் கொடுக்க டொலர் இல்லை என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். எங்கட கதையை விட அது வேறா?

பற்றரியைப் பற்றிய பயம் நியாயமானது. பத்து வருடத்துக்கு முன் இங்கே வந்த லீஃப் கார்களின் பற்றரிக்கு முறையான குளிரூட்டல் இல்லை; எங்கட வெக்கையில் அவை தேய்ந்தன. இப்போது வருகிற பல கார்களில் திரவக் குளிரூட்டல் உண்டு. இரும்பு பொஸ்பேற் பற்றரிகளில் கொங்கோச் சுரங்கங்களில் தோண்டுகிற கோபால்ற்றும் இல்லை. ஆனால் லிதியம் தோண்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு கார் என்ற கனவை அப்படியே பெற்றோலில் இருந்து பற்றரிக்கு மாற்றினால் அந்த விலையை யாரோ கொடுக்கத்தான் வேண்டும்.

அதனால் வரிசையும் முக்கியம். இந்த நாட்டில் அன்றாடக் கார் என்றால் அது ஓட்டோதான். பத்து இலட்சத்துக்கு மேல் பதிவாகி இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கும் ரியூசனுக்கும் அதில்தான் போகிறோம். ஓட்டோவுக்குச் சின்னப் பற்றரி போதும். பகலில் ஸ்ராண்டில் நிழல் தேடி நிற்கிற வண்டி அது. அந்த ஸ்ராண்டுக்கு ஒரு கூரை, கூரைக்கு மேல் பனல், தூணில் நாலு பிளக். முதல் மானியமும் முதல் கடனும் போகவேண்டியது அங்கே; பிறகு பஸ்ஸுக்கு, பிறகு காருக்கு.

உங்கட பிரதேச சபையில் அடுத்த வருடத்துப் பாதீடு பற்றிக் கருத்துக் கேட்டால், அல்லது கேட்காவிட்டாலும், ஒரு கடிதம் எழுதுங்கோ. சந்தைக்குப் பக்கத்து ஓட்டோ ஸ்ராண்டுக்குக் கூரை கேளுங்கோ. வளாகத்தில் படிக்கிறவர்கள் வாகனத் தரிப்பிடத்துக்குப் பனலும் பிளக்கும் கேளுங்கோ. அடுத்த சித்திரைக்கும் வெயில் இருக்கும். அப்போதாவது அதை வாங்கிக்கொள்ள எங்கட ஊரில் நாலு வண்டி சொருகியிருக்கட்டும்.