வாடகை வண்டியும் உத்தரவாதமும்

வண்டி ஒருவனுக்குச் சொந்தம். அதன்மேல் ஏற்றியிருக்கும் பெட்டி மற்றொருவனுக்குச் சொந்தம். பெட்டிக்குள் இருக்கும் சரக்கு மூன்றாமவனுடையது. இழுத்துச் செல்பவனோ இம்மூவரில் ஒருவனும் அல்லன். வழியில் சக்கரம் கழன்று விபத்து நேர்ந்தால் கோர்ட்டுப் படி ஏறவேண்டியவன் யார்? ஐக்கிய அமெரிக்காவின் துறைமுகங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு பெரிய தகராற்றின் சாரம் இந்தக் கேள்விதான். கடல் கடந்த தேசத்து லாரி விவகாரம் நமக்கெதற்கு என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். அதிகாரத்தைத் தன் மடியில் முடிந்துகொண்டு, உத்தரவாதத்தை மட்டும் எளியவன் தலையில் இறக்கிவிடும் வித்தை எந்தத் தேசத்துக்கும் தனிச் சொத்தல்ல. ஆதலின் இது நாம் ஆராயத்தக்க விஷயமே.

1956-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் நகருக்கு அனுப்பினார். சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்காமல், பெட்டியோடு தூக்கிக் கப்பலிலும் லாரியிலும் வைக்கும் முறை அன்று பிறந்தது. இப்பெட்டியைச் சாலையில் கொண்டுசெல்லச் சக்கரம் பூட்டிய இரும்புச் சட்டம் ஒன்று வேண்டும். அதன் நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டுகளில் பெட்டி பொருந்தி நிற்கும். முன்னே ஒரு லாரி அதை இழுக்கும். அமெரிக்கர் இச்சட்டத்தைச் சேஸிஸ் என்பர்; நம் சென்னைத் துறைமுகத்தார் டிரெய்லர் என்பர். நாமும் அப்படியே சொல்வோம்.

உலகின் பெரும்பாலான துறைமுகங்களில் டிரெய்லர் லாரிக்காரனுடைய சொத்து. நம் சென்னையிலும் எண்ணூர்ச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளில் முன்னும் பின்னும் பொதுவாக ஒரே முதலாளியுடையவை. ஆகவே டயர் தேய்ந்திருந்தால் யாரைக் கேட்பது என்ற சந்தேகம் இங்கே அதிகம் எழுவதில்லை. அமெரிக்காவில் மட்டும் வழக்கம் வேறு விதமாக அமைந்தது. அங்கே கப்பல் கம்பெனிகளே டிரெய்லர்களை வாங்கி வைத்துக்கொண்டு, தங்கள் பெட்டியோடு லாரிக்காரனிடம் கொடுத்து வாங்கின. அதன் செலவு கப்பற் கூலிக்குள்ளேயே அடங்கியது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங் குறை இருந்தது. டிரெய்லர் கப்பல் கம்பெனியின் சொத்து. ஆயினும் அதன் பழுதுக்குச் சாலையில் பிடிபடுபவன் டிரைவர். இன்றைக்கு ஒரு வண்டி, நாளைக்கு மற்றொன்று என்று மாறி மாறி இழுப்பவன், நேற்று யாரோ ஓட்டிக் கெடுத்த பிரேக்குக்கு இன்று அபராதம் கட்டினான். லாரிக்காரர்கள் பல காலம் கூக்குரலிட்ட பிறகு, 2005-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. அதன்படி மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா 2008 டிசம்பரில் விதிகளை வெளியிட்டது. 2009 ஜூனில் அவை அமலுக்கு வந்தன. டிரெய்லரைக் கொடுப்பவன் சர்க்காரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முறையாகச் சோதித்துப் பழுது பார்த்து வைக்க வேண்டும். குறை சொல்லப்பட்ட வண்டியைச் சரி செய்யாமல் மறுபடி வெளியே விடக்கூடாது. இவை அவன் கடமைகள்.

வாடகைக்கு எடுப்பவனுக்கும் இவ்விதிகள் கடமை வைத்தன. வைத்ததும் நியாயமே. பிரேக்கில் கண்ணுக்குத் தெரியும் பாகங்கள், விளக்குகள், சக்கரம், அதன் திருகாணி, டயர், காற்றுக் குழாய், லாரியோடு பிணைக்கும் ஆணி, சட்டத்தின் தண்டவாளங்கள், பெட்டியைப் பிடிக்கும் பூட்டுகள், நீட்டிச் சுருக்கும் சட்டமானால் அதன் தாழ் ஆகியவை ஒழுங்காயிருக்கின்றன என்று திருப்தியடையாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக்கூடாது. திருப்பி விடும்போது, தான் கண்ட குறையையோ தனக்குச் சொல்லப்பட்ட குறையையோ எழுதிக் கொடுக்க வேண்டும். குறை ஒன்றும் இல்லாதபோதும் காகிதம் எழுதித் தரவேண்டும் என்ற வீண் சடங்கு 2012-ல் எடுபட்டது. 80,000 பவுண்டு எடைவரை நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்பவன் புறப்படுமுன் ஒரு முறை சுற்றிவந்து பார்ப்பது, எதிரே வரும் ஜனங்களுக்கு அவன் செலுத்த வேண்டிய கடன். டிரைவர்களிடம் நமக்கு அநுதாபம் உண்டு என்பதற்காக, இந்தக் கடனைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டோம்.

ஆனால் விதி எழுதிய காகிதத்தை விட்டுத் துறைமுக வாயிலுக்கு வந்து பார்ப்போம். அங்கே ஒரு டிரைவர் நிற்கிறார். அவருக்குப் பொதுவாக மணிக்கணக்கில் கூலியில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. பெட்டி வாங்க இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டார். டிரெய்லரின் டயர் ஒன்று வழுக்கையாயிருக்கிறது. விதிப்படி அதை அவர் மறுக்க வேண்டும். மறுத்தால் பழுது பார்க்கும் வரிசையில் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பார் பெரும்பாலும் எவருமில்லை. அன்றைக்கு ஓடவேண்டிய மூன்று நடை இரண்டாகும். சட்டம் ‘போகாதே’ என்கிறது. வயிறு ‘போ’ என்கிறது. வயிற்றின் பேச்சைக் கேட்டுப் புறப்பட்டு வழியில் டயர் வெடித்தால், ‘நீ பார்த்துத்தானே எடுத்தாய்?’ என்ற கேள்விக்கு அவரிடம் விடை கிடையாது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

இதற்கு மேல் ஒப்பந்தம் என்று ஒன்றிருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களிலும் ரயில்வே யார்டுகளிலும் டிரெய்லரும் பெட்டியும் எடுக்கும் லாரிக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே பொது உடன்படிக்கையில் கையொப்பமிட்டே உள்ளே நுழைய முடியும். பத்து லட்சம் டாலருக்கு மோட்டார் இன்ஷ்யூரன்ஸ் அதில் ஒரு ஷரத்து. பிரேக் பூட்டி இழுபட்டு டயர் ஒரு பக்கம் தேய்ந்தால், அது லாரிக்காரன் கணக்கு என்பது மற்றொன்று. தன்னிடம் வண்டி இருந்த காலத்தில் நேர்ந்த விபத்தால் சொந்தக்காரனுக்கு வரும் நஷ்டத்தையும் லாரிக்காரனே ஈடு செய்வதாக வாக்களிப்பது எல்லாவற்றிலும் பெரியது. தன் அஜாக்கிரதையின் பலனைப் பிறன் தலையில் கட்டும் ஷரத்துகள் செல்லாவென்று அமெரிக்காவின் பல மாகாணங்கள் சட்டம் செய்திருக்கின்றன. அச்சட்டங்களிற் பலவற்றில் இந்தப் பொது உடன்படிக்கைக்கு மட்டும் பெயர் குறித்தே விலக்கு அளித்திருக்கிறார்கள்! விலக்கு வாங்கத் தெரிந்தவர்கள் யார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். ‘கையொப்பமிட்டாயே’ என்பார்கள். ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய ஜனங்களின் சந்ததிக்கு, இடாவிட்டால் பிழைப்பில்லை என்ற நிலையில் இடும் கையொப்பத்தின் மதிப்பை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

சொந்தக்காரன் மீது விதி உத்தரவாதம் சுமத்திய அதே 2009-ல், மெர்ஸ்க் என்னும் பெருங் கப்பல் கம்பெனி டிரெய்லர் கொடுக்கும் பொறுப்பிலிருந்து விலகத் தொடங்கியது. அதற்கென ஒரு தனிக் கம்பெனியை உண்டாக்கி, 2012-ல் அதையும் முதலீட்டாளருக்கு விற்றுவிட்டது. மற்றக் கப்பல் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் அவ்வழியே சென்றன. அக்காலத்து வியாபார மந்தமும், டிரெய்லர் வைத்துப் பராமரிக்கும் செலவும் இதற்குக் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. வருஷம் ஒன்றாயிருப்பது வெறும் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

டிரெய்லர்கள் இவ்வாறு வாடகைக் கம்பெனிகள் சிலவற்றின் கைக்கு வந்தன. அதுவரை கூலிக்குள் அடங்கியிருந்த செலவு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனி பில்லாக லாரிக்காரனுக்கு வரத் தொடங்கியது. அதை அவன் சரக்கின் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். வசூலாகாவிட்டால் அவன் பாடு. வாடகை கொடுப்பவன் தனக்கு வேண்டிய வண்டியைத் தேர்ந்தெடுப்பது உலக வழக்கம். மாட்டுச் சந்தையில் கயிறு பிடிப்பவன்கூடப் பல்லைப் பார்த்துத்தான் விலை பேசுகிறான். இங்கேயோ, எந்தக் கப்பல் கம்பெனியின் பெட்டிக்கு எந்த வாடகைக் கம்பெனியின் டிரெய்லர் என்பதைக் கப்பல் கம்பெனியே நிர்ணயித்தது. சொத்தைத் துறந்தவர்கள் அதிகாரத்தைத் துறக்கவில்லை. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், வாடகை கொடுப்பவர் மற்றொருவர் என்றானபின் விலையும் தரமும் எப்படி ஒழுங்காயிருக்கும்? பெட்டி ஒரு யார்டிலும் அதற்கென்று விதிக்கப்பட்ட டிரெய்லர் வேறொரு யார்டிலும் கிடக்க, லாரி இரண்டுக்கும் நடுவே வெறுமனே ஓடிய நாட்கள் எண்ணற்றவை. இத்தொல்லை முற்றியதால், 2015 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் மூன்று வாடகைக் கம்பெனிகள் தங்கள் வண்டிகளைப் பொதுவில் புழங்க ஏற்பாடு செய்தன. ஓரளவு நிவாரணம் கிடைத்தது, அடிப்படை மாறவில்லை.

2020 ஆகஸ்டில் அமெரிக்க லாரிச் சங்கத்தின் ஒரு பிரிவினர் இதை எதிர்த்துக் கடல் வாணிப ஆணையத்தில் வழக்குத் தொடுத்தனர். சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ்-லாங் பீச், மெம்பிஸ், சவானா என்ற நான்கு பிரதேசங்கள் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. சரக்குக்காரர் செலவில் பெட்டி கொண்டுபோகும்போது டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை மறுப்பது நியாயமற்ற வழக்கம் என்று 2023 பிப்ரவரியில் ஆணையத்தின் நியாயாதிபதி தீர்ப்பளித்தார். 2024 பிப்ரவரியில் ஆணையமும் சாராம்சத்தில் அதையே சொன்னது. பணம் கொடுப்பவனுக்குப் பொருளைத் தேர்ந்தெடுக்க உரிமையுண்டு என்னும் இந்தச் சாதாரண உண்மையை நிலைநாட்ட மூன்றரை வருஷம் பிடித்தது.

இதற்கிடையில் கொள்ளைநோய்க் காலத்து நெருக்கடி வந்தது. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூறு கப்பல்கள்வரை முறை காத்திருந்தன. காலியான பெட்டியைத் திருப்பி விடப் போனால் டெர்மினல்கள் இடமில்லை என்றன. இறக்கிவைக்க முடியாத பெட்டி டிரெய்லர் மேலேயே உட்கார்ந்திருந்தது. டிரெய்லருக்கு நாள் வாடகையும், பெட்டிக்குத் தாமதக் கட்டணமும் லாரிக்காரன் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. வாங்கிக்கொள்ள மறுப்பவனே, ‘ஏன் இன்னும் தரவில்லை?’ என்று அபராதம் போடும் அதிசயம் அது. சொந்தமாக டிரெய்லர் வாங்கி இத்தொல்லையிலிருந்து தப்பலாம் என்று எண்ணியவர்களுக்கும் வழி குறுகியது. 2021-ல் சீனத்து டிரெய்லர்கள் மீது அமெரிக்க சர்க்கார் விதித்த இரு வரிகள் சேர்ந்து 200 விழுக்காட்டைத் தாண்டின. சுதேசித் தொழிலுக்குக் காப்பு வேண்டாமென்று சொல்லும் கட்சியல்ல நாம். ஆயினும் உள்நாட்டுப் பட்டறைகள் ஈடு கொடுக்கத் தயாராகுமுன் கதவை அடைத்தால், லாபம் வாடகைக் கம்பெனிக்கே போய்ச் சேரும்.

சவானா துறைமுகத்தில் 2020-ல் நடந்த சிறிய சம்பவம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். மே மாதக் கடைசியில் சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை என்று மூன்று நாள் துறைமுகம் மூடியிருந்தது. அந்நாட்களுக்கும் சேர்த்து எவர்கிரீன் கப்பல் கம்பெனி ஒரு லாரிக் கம்பெனியிடம் பெட்டித் தாமதக் கட்டணம் வாங்கியது. சில நூறு டாலர் விஷயம். பூட்டிய வாயிலில் பெட்டியை எப்படித் திருப்பித் தருவது என்று லாரிக் கம்பெனி கேட்டது. கட்டணம் நியாயமற்றது என்று ஆணையம் 2022 டிசம்பரில் முடிவு செய்தது. 2024 ஜூலையில் வாஷிங்டன் மேல் கோர்ட்டு அம்முடிவை ரத்து செய்து, கப்பல் கம்பெனியின் வாதங்களைச் சரியாக ஆராயவில்லை என்று திருப்பியனுப்பியது. பூட்டிய கதவைத் தள்ளிப் பார்க்க நான்கு வருஷமும் மூன்று சபைகளும்!

இவ்விவகாரத்தில் நாம் கேட்பது இதுதான். டிரெய்லரைச் சோதிக்கும் கடமை இழுப்பவனுக்கு இருக்கட்டும். சோதித்து மறுக்கும் உரிமையும், மறுத்து நிற்கும் நேரத்துக்குக் கூலியும் அவனுக்கு இருக்கவேண்டும். எடுக்கும்போது இருந்த பழுதையும் திருப்பும்போது உள்ள பழுதையும் வாயிலிலேயே இரு தரப்பாரும் படமெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். படம் இல்லாத பழுதுக்குப் பணமில்லை என்று விதி செய்யவேண்டும். தாமதக் கட்டணத்தின் நியாயத்தை நிரூபிக்கும் பாரம் கப்பல் கம்பெனிக்கே உரியது என்று 2022 ஜூன் மாதத்துக் கடல் வாணிபச் சீர்திருத்தச் சட்டம் கூறிவிட்டது. டிரெய்லர் வாடகைக்கும் பழுதுக்கும் அதே நீதியை விரிப்பதில் என்ன தடை?

கூலி விஷயத்தில்தான் அமெரிக்கச் சட்டம் மிகவும் பின்தங்கி நிற்கிறது. 1938-ல் அத்தேசம் செய்த வேலைநேரச் சட்டம், மாகாணங்களுக்கிடையே செல்லும் சரக்கை ஏற்றும் லாரி டிரைவர்களை ஓவர்டைம் உரிமையிலிருந்து விலக்கியது. துறைமுக டிரைவர்களில் மிகப் பலர் தொழிலாளி என்ற பெயரே இல்லாமல் தனி ஒப்பந்தக்காரர்களாக ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு அச்சட்டத்தில் எஞ்சியதும் இல்லை. அந்த விலக்கை நீக்க 2022-ல் காங்கிரஸில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அந்தக் காங்கிரஸின் ஆயுளுக்குள் அது நிறைவேறவில்லை. பழுது வரிசையில் டிரைவர் நிற்கும் நேரத்துக்கு யார் கணக்கு எழுதுவது என்ற கேள்வி, மேலே சொன்ன வழக்குகளில் முக்கியக் கேள்வியாக வைக்கப்படவில்லை.