ஜாமீன் கையெழுத்துக்கு ஏன் தயங்குகிறோம்?



மஹல்லாவில் ஒரு பிள்ளை கைதானால், குடும்பம் நகையை அடகு வைத்துத் தரகரைத் தேடுகிறது; நாமோ அவ்வீட்டு வாசலையே மிதிப்பதில்லை. கைது தீர்ப்பாகுமா? கோவைக் குண்டுவெடிப்பு வழக்கில் 1998இல் கைதான அப்துல் நாசர் மதனி, ஜாமீனின்றி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். 2007இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

காவலில் உள்ளவருக்கு, வருமானம் பாராமல், இலவச வழக்கறிஞர் தருவது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. சேலம், நாமக்கல் நீதிமன்ற வளாகங்களிலேயே அது இயங்குகிறது. 15100 எண்ணிலும் அழைக்கலாம்.

ஜாமீன் கிடைத்தும் பிணையாளர் இன்றிச் சிறையில் வாடுவோர் உண்டு. அங்கே தேவைப்படுவது தரகரல்ல, ஜமாஅத்தார் இருவரின் கையெழுத்து. வாய்தா தவறாமல் அவரை வரச் செய்வதும் நம் பொறுப்பே.

சிறைப்பட்டவருக்கு உணவளிப்போரை அத்தஹ்ர் அத்தியாயம் (76:8) புகழ்கிறது. அதை ஓதிவிட்டு ஒதுங்கி நிற்பது எந்த மார்க்கம்?