வெள்ளிக் கைகள்



பெரிய சனிக்கிழமை இரவு நம் கோயில்களில் நடைபெறும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள் எல்லாம் ஒருங்கே ஒலிக்கும். திரை விலகும். புகை எழும். வெளியே வெடிகள் முழங்கும். அட்டையும் சாக்குத் துணியும் கொண்டு இளைஞர்கள் அமைத்த கல்லறையினின்று, கையில் கொடி ஏந்திய உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் மெல்ல மேலே எழும். சிறுவர்கள் கைதட்டுவார்கள். நான் முன்பு பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில் ஓர் ஆண்டு கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. ஆண்டவர் இடுப்பளவு எழுந்து அப்படியே நின்றுவிட்டார். பாடகர் குழுவினர் கீதத்தை முடிக்க மனமில்லாமல் மூன்று முறை பாடினார்கள். கல்லறைக்குள் குந்தியிருந்த இளைஞன் "இழுடா, இழுடா" என்று கத்தியது ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் கேட்டது. மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த இரவில் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் தம் ஒரே மகனை அடக்கம் செய்திருந்த தாய் அவர். மகனுக்கு இருபத்திரண்டு வயது. கடலுக்குப் போனவன், பிணமாகக் கரை சேர்ந்தான். வெடி முழங்கியபோது அந்த அம்மாள் எழுந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கவாசல் வழியாக வெளியேறியதைப் பீடத்தில் நின்றபடியே பார்த்தேன்.

உயிர்த்த திங்களன்று அவர் வீட்டுக்குச் சென்றேன். நயீன் ஊர்க் கைம்பெண்ணின் வரலாற்றை எடுத்துச் சொன்னேன். பாடையைத் தொட்டு, இளைஞனை எழுப்பி, அவனை அவன் தாயிடம் ஒப்படைத்தார் இயேசு என்று லூக்காஸ் தம் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கும் அந்த வரலாறு ஆறுதலாக இருக்கும் என்றே எண்ணினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பையனை எழுப்பிக் கொடுத்தார், சரி சாமி. அந்த வருசம் நயீனிலே வேறே எந்தத் தாயும் பிள்ளையை அடக்கம் பண்ணலையா?" என்றார்.

நான் வாய் மூடி இருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இன்று நினைவில் இல்லை. நினைவில் நிற்கத் தக்கதாக அது இருந்திராது.

அன்று முதல், கதைகளில் இறந்தோர் எழும் இடங்களையும், இழந்தோர் மீண்டும் பெறும் இடங்களையும் அந்த அம்மாளை அருகில் அமர்த்திக்கொண்டு படிப்பதுபோலப் படிக்கலானேன். இழப்பே நேராததுபோல எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முடியும் கதைகள் அவர் முன்னிலையில் நிற்கவில்லை. நிலைத்து நின்றவை வேறு வகையானவை.

முதலில் நற்செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஆண்டவர் கல்லறையினின்று எழுந்த அந்த நொடியை நான்கு நற்செய்தியாளருள் ஒருவரும் வருணிக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? பாடுகளைச் சொல்லும்போது மாற்கு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று நேரம் குறித்துச் சொல்கிறார். உயிர்ப்புக்கு வந்ததும் புலர்காலைப் பொழுது, புரட்டப்பட்ட கல், வெறுமையான இடம், அவ்வளவே. மத்தேயு நிலநடுக்கத்தையும், வானதூதர் கல்லைப் புரட்டி அதன்மேல் அமர்ந்ததையும் சொல்கிறார். ஆண்டவர் வெளியே வந்ததைச் சொல்லவில்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கைப்பிரதியிலும் சீனாய் கைப்பிரதியிலும் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் நடுநடுங்கி ஓடிப்போகிறார்கள். அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உலகில் எந்தக் கதாசிரியன் தன் கதையின் உச்சத்தை இப்படி விட்டுவைப்பான்!

காட்சி வேண்டும் என்று தவித்தவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். இராயப்பர் பெயரால் வழங்கிய நூல் ஒன்று உண்டு. திருச்சபை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் ஒரு பகுதி 1886-87ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எகிப்து நாட்டின் அக்மீம் என்னுமிடத்தில், ஒரு கல்லறையில் கண்டெடுக்கப்பட்டது. அதிலே படைவீரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கல்லறையிலிருந்து மூவர் வருகிறார்கள். இருவர் ஒருவரைத் தாங்கி வருகிறார்கள். அவ்விருவரின் தலைகள் வானத்தை எட்டுகின்றன. அவர்கள் தாங்கி வருபவரின் தலை வானத்தையும் கடந்து நிற்கிறது. பின்னால் சிலுவை தானே தொடர்ந்து வருகிறது. கேட்ட கேள்விக்கு விடையும் சொல்கிறது! நம் இளைஞர்களின் புகையும் வெடியும் இதற்குமுன் எம்மாத்திரம்? ஆனால், இத்தனை பெரிய காட்சியில் எழுந்து வருபவரின் காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம்முடைய நற்செய்தியிலோ காயங்கள்தாம் முன்னே வருகின்றன. உயிர்த்தவரை மதலேன் மரியாள் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். எம்மாவுக்குப் போன இருவர் வழிப்போக்கர் என்று நினைக்கிறார்கள். சீடர்கள் ஆவியைக் கண்டதாக அஞ்சுகிறார்கள். அப்போது அவர் ஒளியைக் காட்டவில்லை; கைகளையும் கால்களையும் காட்டினார் என்கிறார் லூக்காஸ். கைகளையும் விலாவையும் காட்டினார் என்கிறார் அருளப்பர். சாவையே வென்றவருக்கு ஆணித் தழும்பை மறைப்பது பெரிய காரியமா? குருமடத்தில் நாங்கள் புனித தோமஸ் அக்குயினாசின் நூலில் இந்தக் கேள்வியைப் படித்தோம். உயிர்த்த உடலில் தழும்புகள் இருந்தது ஏன் என்று மூன்றாம் பாகம் 54ஆம் வினாவில் அவர் கேட்டு, பல காரணங்கள் தருகிறார். சீடரின் விசுவாசத்தை உறுதிப்படுத்துவது அவற்றுள் ஒன்று. தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்தேன். அந்த அம்மாளின் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவற்றுள் ஒன்றுகூட என் நாவில் வரவில்லை.

இனி நம் வீட்டுக் கதை ஒன்றுக்கு வருவோம். ஞானசவுந்தரி அம்மாளின் கதையை மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய நடிக்கப்பட்ட நாடகம் அது. 1948ஆம் ஆண்டில் சிட்டாடல் நிறுவனத்தார் அதை எம். வி. ராஜம்மாவையும் டி. ஆர். மகாலிங்கத்தையும் கொண்டு படமாக்கினார்கள். அதே ஆண்டில் ஜெமினி நிறுவனத்தாரும் படமாக்கினார்கள். இளையவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். தாயை இழந்த இளவரசி. லேனாள் என்னும் மாற்றாந்தாய். அவளுடைய வஞ்சனையால் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட ஞானசவுந்தரியின் இரு கைகளும் வெட்டப்படுகின்றன. பிலேந்திரன் அவளைக் கண்டு, இரங்கி, மணம் முடிக்கிறான். அவன் ஊரில் இல்லாதபோது பொய்க் கடிதம் ஒன்று வினை செய்கிறது. பெற்ற பிள்ளைகளோடு மீண்டும் காடு. அங்கே தேவமாதாவின் அருளால் வெட்டுண்ட கைகள் மீளக் கிடைக்கின்றன.

கைகள் எப்போது கிடைக்கின்றன என்பதைப் பாருங்கள். அரண்மனையில், ஏவிய பணி செய்ய ஆட்கள் நின்ற காலத்தில் கிடைக்கவில்லை. கணவனும் வீடும் போய், இரண்டாம் முறையும் எல்லாம் பறிபோன பிறகு, பிள்ளைகளை அணைக்கக் கை வேண்டும் என்ற நிலையில் கிடைக்கின்றன. முதல் இழப்பு ஈடாவது இரண்டாம் இழப்பின் நடுவில். இதை முதலில் கட்டியவர் யாரோ, துயரம் அறிந்தவர்.

இந்தக் கதை நமக்கு மட்டும் சொந்தமன்று. கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பாவெங்கும் பல உருவில் உலவியது. 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் பிலிப் த ரெமி பாடிய 'லா மானெகின்' என்னும் காப்பியத்தில், ஹங்கேரி நாட்டு இளவரசி ஒரு கொடுமைக்குத் தப்பும்பொருட்டுத் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறாள். ஒரு மீன் விழுங்கியிருந்த அந்தக் கை பல ஆண்டுகளுக்குப் பின் உரோமையில் கிடைக்கிறது. பாப்பரசர் அதை அவளுக்கு மீண்டும் பொருத்துகிறார். கேட்போர் புன்னகை செய்வர். எனக்கும் அந்த மீனின்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஜெர்மானியரான கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் உள்ள கதையே என்னை நிறுத்தி வைத்தது. 1857ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 31ஆம் கதை. அங்கே கையை வெட்டுபவன் பெற்ற தகப்பன், மாவரைப்பவன். பிசாசோடு அறியாமல் செய்த பேரத்துக்குப் பயந்து வெட்டுகிறான். அவளை மணக்கும் அரசன் அவளுக்கு வெள்ளியால் கைகள் செய்து தருகிறான். இங்கும் கடிதம் மாற்றப்படுகிறது. இங்கும் அவள் பிள்ளையோடு துரத்தப்படுகிறாள். பிள்ளைக்கு அவள் இட்ட பெயருக்குத் துயரம் நிறைந்தவன் என்பது பொருள். காட்டு வீடொன்றில் ஏழு ஆண்டுகள் இருக்கிறாள். இறையருளால் கைகள் வளர்கின்றன. தேடி அலைந்து வந்து சேர்ந்த அரசனோ அவளை நம்பவில்லை. 'என் மனைவிக்கு வெள்ளிக் கைகள் அல்லவா இருந்தன?' என்கிறான். அப்போது வானதூதர் அறைக்குள் சென்று, அவள் கழற்றி வைத்திருந்த வெள்ளிக் கைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார். அதன் பிறகே அவன் அவளைத் தன் மனைவி என்று அறிகிறான்.

வளர்ந்த கை சாட்சி சொல்லவில்லை, பாருங்கள். இழந்ததற்கு அடையாளமாக இருந்த கை சாட்சி சொன்னது. அந்த வெள்ளிக் கைகளை அவள் ஏழு ஆண்டுகள் எறிந்துவிடாமல் வைத்திருந்தாள். தோமையாருக்குக் காட்டப்பட்ட விலாவை நினைத்துக்கொண்டேன்.

ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை' 1611இல் மேடை ஏறியிருந்த நாடகம். சந்தேகத்தால் மனைவியைக் கொன்றுவிட்டதாகப் பதினாறு ஆண்டுகள் புலம்பிய சிசிலி அரசன் முன்னே, அவளுடைய சிலை என்று ஒன்றைத் திறந்து காட்டுகிறார்கள். என் மனைவியின் முகத்தில் இத்தனை சுருக்கம் இல்லையே என்கிறான் அவன். பிறகு சிலை அசைகிறது, இறங்கி வருகிறது. மனைவி கிடைத்தாள், காணாமற்போன மகளும் கிடைத்தாள். ஆனால் அந்தச் சந்தேகத்தால் ஏங்கி இறந்த சிறுவன், மூத்த மகன், திரும்பி வரவில்லை. சுருக்கங்களும் போகவில்லை.

யோபு ஆகமத்தின் கணக்கு இன்னும் கூர்மையானது. முதலில் 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள். கடைசியில் 14,000 ஆடுகள், 6,000 ஒட்டகங்கள். ஏர்மாடுகளும் கழுதைகளும் அவ்வாறே இரட்டிப்பாயின. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும். ஏன் இருபது ஆகவில்லை? செத்த ஆடு செத்ததுதான். முதல் பத்துப் பிள்ளைகளோ கடவுளிடத்தில் யோபுக்கு இன்னும் பிள்ளைகளே என்பார்கள் பழைய உரையாசிரியர் சிலர். அழகிய விளக்கம். அதை ஏற்கிறேன். எனினும், புதிய பத்துப் பேர் நடுவில் அமர்ந்து உண்ணும்போது யோபுவின் மனைவி எந்தப் பத்துப் பேரை எண்ணினாள் என்று அந்நூல் சொல்லவில்லை.

அந்த அம்மாளை மீண்டும் விரிவாகச் சந்தித்தது நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் தோட்டத்தில். மகனின் குழிமேட்டில் புல் செதுக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் காற்றுக்குக் கையால் அணை கட்டியபடி உட்கார்ந்திருந்தார். நான் இம்முறை எந்த வரலாறும் சொல்லவில்லை. அவரே பேசினார். அவருடைய தந்தையார் ஊர் நாடகத்தில் ஞானசவுந்தரி வேடம் கட்டுபவராம். அந்நாளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். கை வெட்டுண்டது முதல் கைகள் மீளக் கிடைக்கும்வரை, இரு கைகளையும் பின்னால் சேர்த்துக் கட்டி, மேலே சேலையைப் போர்த்திவிடுவார் அண்ணாவியார். கட்டு அவிழ்வதற்குள் கோழி கூவும் நேரம் ஆகிவிடும்.

"அஞ்சு வயசிலே நான் அந்தப் பிள்ளையிலே ஒண்ணா நின்னேன், சாமி. பையன் வேசம். மாதா வந்து கை கொடுத்தாச்சு. அப்பா என்னை அள்ளித் தூக்கணும், அதுதான் கதை. ராத்திரி முழுக்கக் கட்டிக் கிடந்த கை, மரத்துப்போச்சு. தூக்க வரலை. நீட்டுறார், நடுங்குது, விழுது. சனம் எல்லாம் அதை நடிப்புன்னு நினைச்சு ஓன்னு அழுதுச்சு. அப்பா என்னைத் தூக்கவே இல்லை, சாமி. நான்தான் அவர் கையைப் பிடிச்சு மடியிலே வச்சுத் தேய்ச்சுவிட்டுக்கிட்டு இருந்தேன்."

மெழுகுதிரி அணைந்துபோயிற்று. என்னிடமிருந்த தீப்பெட்டியைக் கொடுத்தேன். மீண்டும் ஏற்றினார்.

அடுத்த ஆண்டு பெரிய சனியன்று இளைஞர்கள் புதிய கப்பியும் புதிய கயிறும் வாங்கியிருந்தார்கள். வெடி முழங்கியபோது நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அவர் எழுந்து போகவில்லை. முக்காட்டை மட்டும் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு, எழுந்து வரும் சுரூபத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.