மியூட்டில போட்டு விளையாடுறதைப் பற்றி

பின்னேரம் நாலரை மணிக்கு எங்கட றூம் இருக்கிற ஒழுங்கைக்குள்ள பாண் ஓட்டோ வரும். ஓட்டோ வர முதலே அதன்ர ஸ்பீக்கர் சத்தம் வந்திடும். பீத்தோவன் எழுதிய ‘ஃபியூர் எலீஸ்’ என்ற பியானோ இசை அது. இலங்கையில் வளர்ந்த எங்களுக்கு அதைக் கேட்டால் பீத்தோவன் ஞாபகம் வாறேல்ல, பாண்தான் ஞாபகம் வரும். ஒருவரும் ஜன்னலால் எட்டிப் பார்ப்பதில்லை. சத்தம் தூரத்தில் கேட்டால் சட்டையைப் போட நேரம் இருக்கு. சந்தியைத் தாண்டிவிட்டால் காசை எடுத்துக்கொண்டு ஓடவேணும். தேய்ந்துகொண்டு போனால் இண்டைக்குப் பணிஸ் இல்லை.

ஒரு சத்தத்தை வைத்துத் தூரம், திசை, மிச்சமிருக்கிற நேரம் எல்லாத்தையும் கணக்குப் போடுகிற இதே ஆக்கள்தான், கேம் விளையாட இருந்தால் முதல் வேலையாக மியூட் பண்ணுகிறோம். காரணங்கள் இருக்கு. றூமில் நாலு பேர். ஒருத்தனுக்கு நாளைக்கு அசைன்மெண்ட். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அன்ரி. ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யாது. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் மியூட் பண்ணினாலும் கேமில் ஒண்டும் குறையவில்லை என்று நினைக்கிறோமே, அந்த நினைப்போடதான் எங்களுக்குச் சண்டை.

கேம்களைப் பற்றி நாங்கள் கதைக்கிறதையும் எழுதுறதையும் ஒருக்கா பாருங்கோ. கிராஃபிக்ஸுக்கு நாலு பந்தி. கதைக்கு மூன்று பந்தி. எந்த லப்டொப்பில் எத்தனை எஃப்பிஎஸ் வரும் எண்டு ஒரு பந்தி. கடைசியாக, ‘பிஜிஎம்மும் நல்லா இருக்கு’ என்று அரை வரி. சோத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்த ஊறுகாய் மாதிரி. நாங்களும் அப்படி எழுதினவைதான். ஆனால் இப்ப எங்களுக்குத் தோன்றுவது, நல்ல கேம் ஒன்றில் சத்தம் என்பது விளையாட்டின் விதிகளில் ஒன்று. அதை அணைத்துவிட்டு விளையாடுகிறவர் பாதி விதி தெரியாமல் விளையாடுகிறார்.

எங்களை இப்படி யோசிக்க வைத்தவன் எங்கட பட்ச் நண்பன் ஒருவன். பிறப்பிலிருந்தே அவனுக்குப் பார்வை இல்லை. விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்து, கேட்டுக் கேட்டுப் படிக்கிறவன். ஒருநாள் றூமுக்கு வந்திருந்தான். நாங்கள் லப்டொப்பில் மோர்ட்டல் கொம்பாட் விளையாடிக்கொண்டிருந்தோம், வழமைபோல மியூட்டில. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: “டேய், என்னடா செய்யிறியள்? கீபோர்டைக் குத்துற சத்தம் மட்டும்தான் கேக்குது.”

வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த றூமில இருந்து ரெண்டு காதும் வேலை செய்யிற ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கிக் குடுத்தோம். எந்தக் கீ எதுக்கு எண்டு சொல்லிக் குடுத்தோம். முதல் நாள் முழுக்க அடி வாங்கினான். மூன்றாம் நாள் எங்களில் ஒருத்தனை வென்றான். எப்படியெண்டு கேட்டதுக்கு, “நீ எந்தப் பக்கம் நிக்கிறாய் எண்டது எந்தக் காதில கேக்குது எண்டதில தெரியுது. பாயேக்க ஒரு சத்தம், குத்தேக்க ஒரு சத்தம், தடுக்கேக்க வேற சத்தம். ஏன் மச்சான், நீங்கள் இதெல்லாம் கேக்கிறேல்லையா?” என்றான்.

நாங்கள் கேட்டதில்லை. இரண்டு வருடமாக விளையாடுகிற கேம். அதற்குள் இவ்வளவு விஷயத்தை யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

கேம் செய்கிறவர்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இருந்தே இது இருக்கு. வேற்றுக்கிரகவாசிகள் வரிசை வரிசையாகக் கீழே இறங்கிவர, நாங்கள் கீழே நின்று சுடவேணும். பின்னால் நாலே நாலு அடித்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அவ்வளவுதான் இசை. ஆனால் எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவை வேகமாக நகரும், அந்த நாலு சுரங்களும் சேர்ந்து வேகமாகும். எதிரிகள் குறைந்தால் அந்தக் காலத்து மெஷினுக்கு வரையவேண்டிய உருவங்கள் குறையும், அதனால் மிச்சம் உள்ளவை தானாகவே வேகம் பிடிக்கும். அதை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகாடோ அந்த வேகத்தைத் திருத்தாமல் விளையாட்டாகவே விட்டுவிட்டார். விளையாடுகிறவருக்கு இந்த மெஷின் கதை ஒண்டும் தெரியாது. நெஞ்சு படபடக்கிறது மட்டும் தெரியும்.

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த மாரியோ. அண்ணாமாரின்ர பழைய ரீவி கேம் செட்டில் நாங்களும் விளையாடினதுதான். ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கோ. அந்த முதல் ஸ்டேஜின்ர மெட்டை வாயால் பாடச் சொன்னால் றூமில் எல்லாரும் பிழையில்லாமல் பாடுவோம். ஆனால் அதே ஸ்டேஜில் மேலே இருக்கிற முகிலும் கீழே இருக்கிற பற்றையும் ஒரே படம், நிறம் மட்டும்தான் வேறு என்பதைக் கவனித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. கண்ணால் பார்த்ததைத் தவறவிட்டுவிட்டோம். காதால் கேட்டது ஒரு சுரம்கூட மறக்கவில்லை.

அந்த இசையைச் செய்தவர் கோஜி கொண்டோ. 1985இல் அவர் கையில் இருந்தது என்ன? ஒரே நேரத்தில் ஐந்து ஒலித்தடங்களை மட்டும் தரக்கூடிய ஒரு சின்ன மெஷின். மெட்டுக்கு இரண்டு, அடிச்சுரத்துக்கு ஒன்று, ‘உஸ்’ என்ற இரைச்சலுக்கு ஒன்று, சின்ன ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று. அந்த இரைச்சலை வெட்டி வெட்டித்தான் தாளம். பாயிற சத்தம், காசு எடுக்கிற சத்தம் எல்லாம் இதே தடங்களுக்குள்தான் வரவேணும். அதனால் ஒரு சத்தம் வரும்போது இசையின் ஓர் இழை ஒரு கணம் விலகி இடம் குடுக்கும். எங்கட காது அந்த ஓட்டையைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இந்த நெருக்கடிக்குள்ளும் ஒவ்வொரு சத்தமும் ஒரு விஷயம் சொல்கிறது. பாய்ந்தால் சுரம் மேலே போகும். நிலத்துக்கு அடியில் போனால் மெட்டு ஒடுங்கி இருட்டாகிவிடும். தண்ணிக்குள் போனால் அசைந்து ஆடுகிற வால்ட்ஸ் தாளம். நேரம் 100க்குக் கீழே வந்தால் இசை வேகம் பிடிக்கும், மூலையில் உள்ள எண்ணை ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இந்த மாரியோ இசையைச் சேர்த்தது. அந்தப் பட்டியலுக்குள் போன முதல் கேம் இசை இதுதான்.

சரி, இதெல்லாம் பழைய கேம், மெஷினில் வசதி இல்லாததால சத்தத்தை நம்பியிருந்தவை எண்டு சொல்லுவியள். அப்ப கவுண்டர் ஸ்ட்ரைக்கை எடுப்போம். ஷிஃப்டை அழுத்தி நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது, ஓடினால் கேட்கும். இரும்புத் தகட்டில் ஓடினால் ஒரு சத்தம், மண்ணில் ஓடினால் வேறு சத்தம். குண்டு வைத்தபிறகு ‘பிப் பிப்’ சத்தம் நெருங்க நெருங்க, கழட்டுறதா ஓடித் தப்புறதா எண்டு முடிவெடுக்கவேணும். வேகமாகப் போகவேண்டுமென்றால் சத்தம் போடவேணும், ஒளியவேண்டுமென்றால் மெதுவாகப் போகவேணும். இந்தக் கேமின் முழு தந்திரமும் இந்த ஒரு கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கு. மியூட் பண்ணினவருக்கு அது வெறும் சுடுகிற கேம்.

ஒரு மறுப்பு வரும். “பப்ஜியில மியூட்டில இருந்தே நாங்கள் சிக்கன் டின்னர் எடுத்திருக்கிறம். காலடி வந்தா மினிமப்பில காட்டும்தானே.” உண்மை. அப்படிக் காட்டுவது நல்ல விஷயமும்கூட, ஏனென்றால் காது கேளாத ஒருவரும் விளையாடவேணும். எங்கட கருத்துக்கு அது எதிரானதில்லை. காலடிச் சத்தம் அலங்காரமாக இருந்திருந்தால் அதைப் படமாக மாற்றிக் காட்டவேண்டிய தேவையே வந்திராது. அது தகவல் என்பதால்தான் கேட்க முடியாதவருக்கு வேறு வழியால் குடுக்கிறார்கள்.

இதே கதவு மற்றப் பக்கமும் திறக்கும். 2020இல் வந்த ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் பாகம் 2’ இல் எழுத்துகளை வாசித்துச் சொல்லும் வசதியும், எந்தச் செயலைச் செய்யவேணும் என்பதைச் சொல்லும் ஒலிக்குறிப்புகளும் இருக்கு. பார்வையற்றவர்கள் அதை முழுமையாக விளையாடி முடித்திருக்கிறார்கள். 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதையே சத்தமாகக் கேட்கலாம். எங்கட நண்பனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: “அது உங்கட லப்டொப்பில ஓடுமா?” ஓடாது. ஆனால் உலகத்தில் எங்கேயோ ஒரு கேம் ஸ்டூடியோவில் தன்னை நினைத்து வேலை செய்திருக்கிறார்கள் என்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்தோம். அதற்குப் பிறகு ‘பிஜிஎம்மும் நல்லா இருக்கு’ என்று எழுதக் கை வரவில்லை.

சத்தத்தைப் பற்றிக் கதைத்தால் சத்தமில்லாததைப் பற்றியும் கதைக்கவேணும். மைன்கிராஃப்டின் இசையைச் செய்தவர் சி418 என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்ட். அந்த இசை எப்பவும் ஓடிக்கொண்டிருக்காது. நீண்ட நேரம் ஒண்டுமே இல்லை. மண் வெட்டுற சத்தம், ஆடு கத்துற சத்தம், அவ்வளவுதான். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் பியானோ மெதுவாக வரும், போகும். நீங்கள் வென்றதற்காகவும் இல்லை, தோற்றதற்காகவும் இல்லை. அதனால்தான் அது விளையாடுகிறவரின் சொந்தக் காலத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

எங்களுக்கு அது 2022. ஏஎல் படிக்கிற காலம், மணிக்கணக்கில் பவர் கட். ஃபேன் இல்லை, ரீவி இல்லை, ஊரே அடங்கிப்போய் இருக்கும். லப்டொப்பில் மிச்சம் இருந்த பற்றரியில் மைன்கிராஃப்ட். வழமையாக ஃபேன் சத்தத்துக்குள் அமுங்கிப்போகிற அந்தப் பியானோ அண்டைக்குத்தான் முழுசாகக் கேட்டது. இப்பவும் அதைக் கேட்டால் மெழுகுதிரி மணம் வருகிற மாதிரி இருக்கும். அந்த முதல் இசைத்தொகுப்பும் 2025இல் அதே அமெரிக்கப் பட்டியலில் சேர்ந்தது. எங்களைப் போலக் கனபேருக்கு அது வெறும் கேம் இசை இல்லை போல.

கடைசியாக, எங்களிலேயே கேம் செய்கிற ஆக்களிடம் ஒரு வேண்டுகோள். யூனிட்டியும் கொடோவும் படித்துச் சின்னச் சின்ன கேம் செய்கிற பொடியள், பெட்டையள் இப்ப இருக்கினம். சிலதை விளையாடிப் பார்த்தோம். படத்துக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள், சத்தத்தைக் கடைசி இரவில் இலவசமாக டவுன்லோட் பண்ணிப் போடுகிறார்கள். ஒரு கேமில் பனங்காட்டுக்குள் ஓநாய் ஊளையிட்டது. எங்கட நாட்டில் ஓநாயே இல்லை, நரிதான்.

ரொறன்ரோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வைப் பாருங்கோ. 1980களில் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை, சமையலால் சொல்லப்படுகிறது. இட்லி அவிப்பீர்கள், குழல் பிட்டு அவிப்பீர்கள். அடுப்பில் சமையல் நடக்க, றேடியோவில் தமிழ்ப் பாட்டு போகும். அந்தப் பாட்டுகள் வெவ்வேறு காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டுகளின் பாணியில் அந்தக் கேமுக்கென்றே புதிதாகச் செய்யப்பட்டவை. சின்னக் குழு செய்த சின்ன கேம். அடுத்த வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேமுக்கான விருது அதற்குக் கிடைத்தது. அதை மியூட்டில் விளையாடினால் படம் விளங்கும். அந்தக் குசினி விளங்காது.

எங்களிடம் பெரிய ஸ்டூடியோ இல்லை. ஆனால் எல்லாரிடமும் போன் இருக்கு, போனில் ரெக்கோர்டர் இருக்கு. காவோலை உரசுற சத்தம், தகரக் கூரையில மழை, கிணத்துக் கப்பி, பின்னேரத்துப் பாண் ஓட்டோ. அவற்றை இப்பவே பதிந்து வையுங்கோ. கேம் எழுதத் தொடங்கும்போதே, இதைக் கண் மூடிக்கொண்டு ஒருவர் விளையாடினால் என்ன விளங்கும் எண்டு கேளுங்கோ. விளையாடுகிறவர்கள் ஒரு நல்ல ஹெட்போனுக்குக் காசு சேருங்கோ, அதுவரைக்கும் இரவல் வாங்குங்கோ. எங்கட பங்குக்கு, இனி எழுதுகிற ஒவ்வொரு கேம் விமர்சனத்திலும் சத்தத்துக்கு ஒரு முழுப் பந்தி இருக்கும். அதை எழுத முதல் எங்கட நண்பனிடம் ஹெட்போனைக் குடுத்து, என்ன கேக்குது எண்டு கேட்போம்.